நான் வேண்டாமென்று சொல்லவேயில்லை

என் கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எழுந்ததும் நீ முதலில் தேடுவது உன் ஷூவைத்தான். தேடாதே. இரண்டையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி மொட்டை மாடிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். இந்த மாசிப் பனியில் ஒரு ராத்திரியில் அது எப்படிக் காயும் என்று கேட்பாய். காயாது என்று தெரிந்துதான் கழுவினேன். ஷூ இருக்க வேண்டிய இடத்தில் இந்தக் கடிதம் இருக்கும். அங்கேயே தரையில் உட்கார்ந்து படிக்காதே, சில்லிட்டுக் கிடக்கும். பாப்பா தூங்குகிற கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார். வீட்டில் இப்போது நீயும் அவளும் மட்டும்தான் இருக்கிறீர்கள்.

பதறாதே. யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. உன் வீட்டுக்காரி பவித்ரா எங்கே என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பின்னால் புரட்டிப் பார்க்காமல் முதலில் இருந்து வா. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று எனக்குத் தெரியும். இந்த மைசூரில் கன்னடப் பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளை நீ. தமிழ் எழுத்தை நான்தான் அடுப்படியில் உட்கார வைத்து, மளிகைப் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தில் விரல் வைத்துக் காட்டினேன். நானும் யாரிடமும் போய்ப் படித்தவள் இல்லை. தமிழைக் கோயில் பாட்டுப் புத்தகத்திலும், கன்னடத்தைப் பேருந்துப் பலகையிலும் பிடித்துக்கொண்டேன். ஏரிக்கரையில் நீ எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் ஓடு. என் கையெழுத்தில் உன்னால் வேகமாகப் போக முடியாது. அதனால்தான் போனில் பேசாமல், நேரில் பேசாமல், எழுதுகிறேன். நேரில் பேசினால் நீ சிரித்துவிட்டு "சரிம்மா சரிம்மா" என்று போய்விடுவாய்.

இந்த வாரத்தைத் திங்கட்கிழமையிலிருந்து எண்ணிப் பார். பவித்ராவின் அம்மா, அவர் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் என்று கொள்ளேகாலத்துக்குத் திரும்பிப் போனார். வருகிற திங்கட்கிழமை பவித்ரா ஆபீஸ் போக ஆரம்பிக்க வேண்டும். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆளும் அன்றிலிருந்துதான் வருகிறாள். நடுவில் இருந்த இந்த ஒரு வாரத்துக்கு நான் வந்தேன். விடியும் முன்பே கிளம்பி வந்ததால் உங்கள் ஹெப்பாள் நிறுத்தத்தில் இறங்கும்போது பனியில் எதிர்ச் சாரிக் கட்டடம் தெரியவில்லை. கம்பெனிப் பேருந்துகள் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாக ஊர்ந்தன. உன் வீட்டுப் படியேறும்போது நீயும் பின்னாலேயே வந்தாய், ஏரியைச் சுற்றி ஓடிவிட்டு. முதுகில் ஆவி பறந்தது. பெற்றவள் கண்ணுக்கு அதைவிட என்ன வேண்டும்? இரண்டு வருஷம் முன்னால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கிய பிள்ளை. என் பூஜைக்கூட்டப் பெண்களிடம் உன்னைப் பற்றி நான் அடிக்காத தம்பட்டம் இல்லை.

நீ கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பவித்ராவிடம் நீட்டினாய். அவள் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையில் கட்டிய துணியோடு நின்றிருந்தாள். வாங்கிப் பார்த்தாள்.

"முதல்ல வேகமா போயிட்டு கடைசில விட்டுட்டீங்க. எப்பவும் பண்றதுதான்."

"கோச்சம்மா சொல்லிட்டாங்க," என்று நீ சிரித்தாய். "காபி இருக்கா?"

அவள் சொன்னது சரி என்று உன் முகத்திலேயே தெரிந்தது. எப்படித் தெரியாமல் இருக்கும்? உனக்கு ஓடக் கற்றுக்கொடுத்ததே அவள்தானே. மூச்சு வாங்கி ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த உன்னிடம் வந்து, மூக்கால் மட்டும் இழுக்காதீங்க, வாயையும் திறங்க என்று சொல்லிவிட்டுப் போனவள். அடுத்த நாளிலிருந்து நீ தினமும் ஏரிக்கரைக்குப் போனாய். உடம்பைக் குறைக்க என்று என்னிடம் சொன்னாய். நான் நம்பினேன் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாயா? அந்தப் பெண், அன்று காலையில், உன் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன்பு அதன் கண்ணாடியைக் கட்டை விரலால் ஒரு தரம் துடைத்தாள். நீ அதற்குள் குளிக்கப் போய்விட்டாய். நான் பார்த்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை, நீ பைக்கை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போன பிறகு, நான் குளித்து விபூதி வைத்து விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே கூரையில் திம் திம் என்று ஒரு சத்தம். நின்றது, மறுபடி வந்தது. போன மாதம் தண்ணீர்த் தொட்டி மூடியைக் குரங்கு தள்ளிவிட்டது என்று நீ சொல்லியிருந்தாயே, அதுதான் மறுபடி வந்துவிட்டது என்று நினைத்தேன். தரை துடைக்கிற குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, முருகா என்று மாடிக்கு ஏறினேன். குரங்கு இல்லை. பனிக்குள் உன் வீட்டுக்காரி அந்தக் கறுப்புத் தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். தலைத்துணி அவிழவில்லை, மேலே உன் பழைய ஸ்வெட்டர், கால் வெறுங்கால்.

"ஐயோ அத்தை!" என்று நின்றுவிட்டாள். "சத்தம் கேட்டுருச்சுங்களா? பாப்பா எந்திரிச்சுட்டாளா?"

"பாப்பா தூங்கறா. நீ என்ன அம்மிணி பண்ற இங்க?"

"ஒண்ணுமில்லீங்... குளிருச்சு. சும்மா."

"குளிருக்கு யாராச்சும் தொட்டியைச் சுத்துவாங்களா? அதுவும் சிமெண்ட்ல, வெறுங்காலோட?"

"ஷூ போட்டா கீழ சத்தம் கேக்கும்னுதான் அத்தை." என் கையில் இருந்த குச்சியைப் பார்த்தாள். "நீங்க எதுக்குங் குச்சி எடுத்துட்டு வந்தீங்க?"

"குரங்குன்னு நெனச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்து முடித்துவிட்டு, கீழே இவ்வளவு அகலமாக ரோடு இருக்கும்போது ஏன் இந்தச் செக்கு மாட்டு ஓட்டம் என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டாமல்.

"நீங்கதான் வேண்டாம்னீங்களாமே, அத்தை. சிவராத்திரி போகட்டும், பனியில வெளிய போனா பாப்பாவுக்குப் பால்ல சளி எறங்கிரும்னு. அம்மா ஒத்துக்கவே மாட்டாங்க, அவங்க மனசு நோகக்கூடாதுன்னு அவரு சொன்னாரு. அதான் ரோட்டுக்குப் போகல. மாடி வீட்டோட சேந்ததுதானேன்னு..."

கண்ணு, குச்சியைச் சுவரில் சாய்த்து வைத்தேன். நான் சொன்னதாக என்னிடமே ஒரு பெண் சொல்கிறாள், அதை மீறாமல் இருக்கச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு சுற்றுகிறாள். பொங்கல் கழித்து நீங்கள் பாப்பாவைக் கொள்ளேகாலத்திலிருந்து இங்கே கூட்டிவந்த அன்று நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். பச்சைக் குழந்தையைப் பனியில் வெளியே கொண்டுவராதீர்கள், காதை மூடுங்கள் என்றேன். பவித்ராவிடம், கொஞ்ச நாள் தலைக்குத் துணி கட்டிக்கொள் அம்மிணி என்றேன். அவ்வளவுதான். பிள்ளை பெற்றவளுக்குத் தலைத்துணி கட்டுவது இங்கே கன்னடக்காரர் வீட்டிலும் உண்டு, கொள்ளேகாலத்திலும் உண்டு. அந்தத் துணியோடு நான் பூட்டும் சாவியும் சேர்த்துக் கொடுக்கவில்லை. ஓடாதே என்று நான் சொல்லவேயில்லை. என்னை யாரும் கேட்கவேயில்லை.

டாக்டரம்மா என்ன சொன்னார் என்று அவளிடம் கேட்டேன். எப்போதோ சரி என்றுவிட்டாராம். மெதுவாக ஆரம்பி, வலித்தால் நிறுத்து என்றாராம். "ஆபீஸ் ஆரம்பிச்சுட்டா இதுவும் இருக்காதுங் அத்தை. இப்ப விட்டா அப்புறம் நான் ஓடவே மாட்டேன். எனக்கு என்னையத் தெரியும்," என்றாள். தொட்டியில் கையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "ஓடறப்ப மட்டுந்தான் யாரும் என்னை ஒண்ணுங் கேக்கறதில்ல," என்றாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பத்துக் கிலோமீட்டர் ரேஸ் வருகிற நேரத்தில் வீட்டில் சண்டை வேண்டாமாம். உன் ரேஸ், கண்ணு. அவள் பெயர் அதில் இல்லை.

எனக்கு அன்றைக்கே உன்னைப் பிடித்துக் கேட்டிருக்க வேண்டும் போலத்தான் இருந்தது. அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் நீயே சொல்லிவிட ஒரு வழி விட்டுப் பார்ப்போம் என்று புதன்கிழமை காலையில் உன் தட்டில் ராகி தோசையைப் போட்டுக்கொண்டே பேச்சை எடுத்தேன். பவித்ரா கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"ஏன் சாமி, பவித்ராவும் முன்னெல்லாம் ஓடுவாளே. இப்ப ஏன் வர்றதில்ல?"

"அவளுக்கு இப்ப எங்கம்மா நேரம்? இன்ட்ரெஸ்ட்டும் இல்ல."

"கேட்டுப் பாத்தியா?"

"கேக்காமயா?" என்று சொல்லிவிட்டு உடனே, "பனி வேற. நீங்களே ஒத்துக்குவீங்களாக்கும்?" என்று என் தோளைத் தட்டிச் சிரித்தாய்.

அடுத்த தோசை கருகியது. அவள் கையில் தோசை கருகி நான் பார்த்ததே இல்லை. நீ அதையும் சட்னியைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, மொறுமொறுன்னு இருக்கு என்று பாராட்டிவிட்டுப் போனாய்.

நீ கெட்டவன் இல்லை. உனக்கு இது பொய் என்றே தோன்றியிருக்காது. காலையில் இரண்டு பேரும் ஓடப் போனால் பாப்பாவை யார் பார்ப்பது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்தால், ஒரு நாள் அவள், ஒரு நாள் நீ என்று பங்கு போட வேண்டி வரும். ஏரிக்கரைக் கூட்டாளிகளிடம், நாளைக்கு வரமாட்டேன் என்று சொல்ல வேண்டி வரும். அதெல்லாம் வாயைத் திறந்து பேசுவதற்கு, அம்மா ஒத்துக்கமாட்டாங்க என்பது எவ்வளவு சுலபம். அம்மா விரதம் இருக்கிறவள், நாள் கிழமை பார்க்கிறவள், பால்காரருக்கும் பூக்காரிக்கும் கணக்கு எழுதி வைக்கிறவள். அவள் எதற்கும் வேண்டாம் என்று சொல்லக்கூடியவள்தான் என்று யாரும் நம்புவார்கள். என் குணம் உனக்கு ஒரு கதவுபோலப் பயன்பட்டிருக்கிறது. அதைச் சாத்திவிட்டு, உள்ளே அம்மா இருக்கிறாள் என்று கையைக் காட்டிவிட்டு, நீ ஓடப் போய்விட்டாய்.

இந்த வித்தை உனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். நீ ஏழு மாதக் குழந்தையாக இருக்கும்போது உனக்கு விடாத காய்ச்சல் வந்தது. மாதேஸ்வரன் மலைக்குச் சிவராத்திரிக்கு நடந்தே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். காய்ச்சல் விட்டது. நம் ஹனூர்ப் பக்கத்து ஜனங்களோடு சேர்ந்து, உன்னைப் புடவையில் முதுகோடு கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல் மலைப்பாதையில் நடந்தேன். விடிகாலைப் பனி புல்லில் இருந்து சொட்டியது, பல் கிட்டியது. பச்சை உடம்புக்காரி, பனியில் போகாதே என்று அன்றைக்கு ஒருத்தர் சொல்லவில்லை. சாமிக்கு, அதுவும் பிள்ளைக்காக. அப்படி நடந்தால் பனி ஒன்றும் செய்யாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எனக்கோ அந்த நடை பிடித்துப்போயிற்று. உண்மையைச் சொல்கிறேன், சாமி கும்பிட்ட நேரத்தைவிட நடந்த நேரத்தில்தான் அவன் எனக்குப் பக்கத்தில் இருந்தான். அடுத்த வருஷமும் போக வேண்டும் என்று உங்கப்பாவிடம் கேட்டேன். வேண்டுதல் எதுவும் இல்லை, ஆசைதான் என்றேன். "எங்கம்மா வேண்டாங்கறாங்க," என்றார்.

அதற்கடுத்த வருஷமும் அதே பதில். அப்புறம் நான் கேட்பதை விட்டுவிட்டேன். ஆனால் என் மாமியாரை நான் மனசுக்குள் விடவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவருக்குச் சோறு போட்டுக்கொண்டு, வெந்நீர் வைத்துக் கொடுத்துக்கொண்டு, உள்ளே ஒரு முள்ளை வைத்துக்கொண்டே இருந்தேன். அவர் படுக்கையில் விழுந்த வருஷம், சிவராத்திரி அன்று, கஞ்சி புகட்டும்போது என்னிடம் கேட்டார்: "ஏஞ் சாமி, நீ ஏன் அப்புறம் மலைக்கு நடந்து போகவே இல்ல?"

"நீங்கதானே அத்தை வேண்டாம்னீங்க."

"நானா? நான் எதுக்கு வேண்டாங்கறேன்? எனக்கும் சேத்து ஒரு கும்புடு போட்டுட்டு வருவியேன்னு வருஷா வருஷம் பாத்துட்டுல்ல இருந்தேன்."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். உங்கப்பாவிடம் போய்க் கேட்டால், "அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. நீ போயிட்டா நாலு நாள் சோத்துக்கு என்ன பண்றது?" என்றார். அவருக்கு அது அவ்வளவுதான். ஒரு பேச்சு. அந்தப் பேச்சுக்காக நான் ஒரு மனுஷியைக் காரணமில்லாமல் வெறுத்தேன், என் மாமியாரும் அத்தனை வருஷம் நான் ஏன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று தெரியாமலேயே இருந்தார். இப்போது புரிகிறதா, மாடியில் அவள் சொன்னது எனக்கு ஏன் அப்படித் தைத்தது என்று? ஓட முடியாமல் போனதில் பவித்ராவுக்கு நஷ்டம். அவள் நாளைக்கு என்னை வெறுக்கப்போவது எனக்கு நஷ்டம். வெளியில் தெரியாமல், அத்தை அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டே, எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்துக்கொண்டே வெறுப்பாள். அதை நான் செய்தவள், அதனால் எனக்குத் தெரியும். நான் சொல்லாத ஒரு சொல்லுக்காக அப்படி ஒரு முள் இந்த வீட்டில் இன்னொரு தரம் முளைக்க நான் விடமாட்டேன்.

வியாழக்கிழமை உங்கப்பாவுக்குப் போன் போட்டேன்.

"ஏனுங், உங்க மகன் அச்சு அசல் உங்களை மாதிரியே இருக்கானுங்."

"அப்படியா? நல்லதுதானே."

"நல்லதில்லீங்," என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் சமையலறை டப்பாக்களைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாக, "புளி எங்க வெச்சிருக்க? ரசம் வெக்கலாம்னு பாத்தேன்," என்றார். உங்கப்பா ரசம் வைக்கிறேன் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நீ கிளம்பிப் போன பிறகு, பவித்ராவின் தலைத்துணியை நானே அவிழ்த்தேன். அதை மடித்துப் பாப்பாவின் காதைச் சுற்றிக் கட்டினேன். "ஷூவை எடு, அம்மிணி," என்றேன். பரணிலிருந்து எடுத்தாள், தூசி தட்டினாள், காலை நுழைத்தாள். நுழையவில்லை. மறுபடி முயற்சி பண்ணினாள். பிள்ளை பெற்றால் சிலருக்குப் பாதம் அகலமாகிவிடும், அது அப்படியே நின்றும்விடும். எனக்கும் உன்னைப் பெற்ற பிறகு கல்யாணச் செருப்பு சேரவில்லை. அவள் கயிற்றை முழுக்க உருவித் தளர்த்தி, விரலை மடக்கி நுழைத்துக்கொண்டு, "பரவாயில்லீங், போலாம்," என்றாள். உன்னிடம் ஒன்று கேட்கிறேன், பதில் எனக்குச் சொல்ல வேண்டாம். உன் வீட்டுக்காரியின் கால் அளவு மாறியிருக்கிறது. உனக்குத் தெரியுமா?

கீழே இறங்கினோம். புங்க மரங்கள் எல்லாம் இலையை உதிர்த்துவிட்டு எண்ணெய் தடவினாற்போலத் துளிர் விட்டிருந்தன, அதன் மேலே பனி. அவள் முதலில் நடந்தாள், கொஞ்சம் வேகமாக நடந்தாள், அப்புறம் ஓடினாள். நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். உன் கீழ்வீட்டு அம்மா வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிர்ந்து, "ஏன்ரீ, பாணந்தியைப் போயி ஓட விடறீங்க?" என்று கன்னடமும் தமிழும் கலந்து கேட்டார். பிள்ளை பெற்றவளைச் சொல்கிறார். "நான்தான் ஓடச் சொன்னேன். மாமியார் உத்தரவு!" என்றேன். அந்த அம்மா குனிந்து அடுத்த கோலப்புள்ளியை வைத்தார். என் பெயரை வைத்துக் கதவைச் சாத்த முடியுமென்றால் திறக்கவும் முடியும்தானே.

தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தாள். வரும்போது முகம் சிவந்து, மூக்கு ஒழுகி, முடியெல்லாம் கலைந்து இருந்தது. பாப்பா தன் அம்மாவைத் துணி இல்லாமல் பார்த்ததும் யாரோ என்று ஒரு நிமிஷம் முழித்தாள், அப்புறம் அடையாளம் தெரிந்து இரண்டு கையையும் நீட்டிக் கத்தினாள். பவித்ரா அவளை வாங்கவில்லை. "இருடி, அம்மாவுக்கு இன்னும் ஒரு சுத்து இருக்கு," என்று சொல்லிவிட்டு மறுபடி ஓடினாள். நான் அங்கேயே நின்று மாதேஸ்வரனுக்கு ஒரு கும்பிடு போட்டேன். அன்று நீ ஓடிவிட்டு வந்து, என்னம்மா, இன்னைக்கு வீடே ஒரு மாதிரி இருக்கு என்றாய். வாசனை அது. வேர்வை வாசனை இரண்டு பேருடையது இருந்தது. நீ உன்னுடையது மட்டும் என்று நினைத்தாய்.

இன்று சனிக்கிழமை. பாப்பா தூங்குகிறாள், நீ கடைக்குப் போயிருக்கிறாய், வெயில் சுள்ளென்று அடிக்கிறது. எழுதட்டுமா என்று பவித்ராவிடம் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். யோசித்தாள். "எழுதுங் அத்தை. நான் சொன்னா பாதியில சண்டையாயிரும். ஆனா திட்டாதீங்க, அவரு நல்லவருதான்," என்றாள். நல்லவன் என்று எனக்குத் தெரியாதா, பெற்றவள் நான் என்றேன். நல்லவனாக இருப்பது போதவில்லை என்பதுதான் விஷயம். உங்கப்பாவும் நல்லவர்தான்.

ஆகையால் இனிமேல் உனக்கு எதையாவது வேண்டாம் என்று சொல்லத் தோன்றினால், எனக்கு வேண்டாம் என்று சொல். எனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று சொல். காலையில் தனியாக ஓடுவதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை என்று சொல். கேட்க நன்றாக இருக்காதுதான். ஆனால் அதற்கு அவள் பதில் சொல்ல முடியும். சண்டை போட முடியும், பேரம் பேச முடியும். அம்மா வேண்டாங்கறாங்க என்பதற்கு அவள் என்ன பதில் சொல்வாள்? மொட்டை மாடிக்குத்தான் போவாள். இதை உன் ஏரிக்கரைக் கூட்டாளிகளுக்கும் படித்துக் காட்டு. அவர்களில் எத்தனை பேர் வீட்டில் எந்த அம்மா தெரியாமல் பழி சுமக்கிறாளோ.

இனி வேலை. பாப்பாவுக்குப் பால் பிரிட்ஜில் மேல் தட்டில் இருக்கிறது, எடுத்து வைத்து வெந்நீரில் நிறுத்திச் சூடாக்கு, அடுப்பில் வைக்காதே. ராகிக் கஞ்சிக்கு மாவு கரைத்து மூடி வைத்திருக்கிறேன். கைவிடாமல் கிளறு, போனைப் பார்த்துக்கொண்டு கிளறாதே. எழுந்ததும் அழுவாள். அம்மா வருவாள் என்று சொல், அது பொய் இல்லை. மத்தியானம் பவித்ராவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போ. அவளுக்கு ஷூ வாங்கு. அளவு தெரியும் என்று நீயே போய் வாங்கி வராதே. அவள் காலைப் போட்டு, நாலடி ஓடிப் பார்த்து வாங்கட்டும். அடுத்த ஞாயிறு உன் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நானும் உங்கப்பாவும் வருகிறோம், பாப்பா என் இடுப்பில் இருப்பாள். பவித்ரா ஓடுவாளா, கை தட்டுவாளா என்பதை அவளிடம் கேள். என்னிடம் கேட்காதே. சிவராத்திரிக்கு நான் ஊரில் இருக்கமாட்டேன். மலைக்கு நடக்கப் போகிறேன். உங்கப்பாவிடம் சொல்லிவிட்டேன். கேட்கவில்லை, சொன்னேன். புளி இருக்கிற இடத்தையும் சொல்லிவிட்டேன்.

பவித்ரா எங்கே என்று கடைசியில் சொல்கிறேன் என்றேனே. நீ எழுவதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் படி இறங்கினோம். நான் பையைத் தூக்கிக்கொண்டு முதல் பேருந்துக்குப் போகிறேன். அவள் காலை இறுக்கிப் பிடிக்கிற அந்த ஷூவோடு, கயிற்றைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு, தெருக்கோடியைத் தாண்டி, புங்க மரச் சாலை முழுக்க ஓடப் போகிறாள். சாவி எடுத்துக்கொண்டு போகவில்லை. நான்தான் வேண்டாமென்று சொன்னேன், இதை மட்டும் நிஜமாகவே நான் சொன்னேன். நீ எழுத்துக் கூட்டிக் கூட்டி இந்த வரிக்கு வந்து சேர்வதற்குள் அவளும் வீட்டு வாசலுக்கு வந்திருப்பாள்.

மணி அடிக்கும். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய், நீயே கதவைத் திற.

அம்மா